குடியேறிய சொற்கள்



‘கம்ரே கீ சாபி அல்மாரி மே ஹை.’ அறையின் சாவி அலமாரியில் இருக்கிறது என்று பொருள். லக்னோவில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் இதைச் சொன்னால் அது இந்தி. கராச்சியில் ஓர் அம்மா தன் மகனிடம் சொன்னால் அது உருது. பெயர்தான் மாறுகிறது, வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று பெயர்ச்சொற்களில் ஒன்றுகூட டெல்லியில் பிறந்ததில்லை. கம்ரா, சாபி, அல்மாரி மூன்றும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கிற ‘கீ’, ‘மே’, ‘ஹை’ என்ற சிறு சொற்கள் மட்டுமே பிராகிருதத்தின் வழியாக வட இந்தியாவில் வளர்ந்தவை.

தமிழில் மொழிபெயர்த்தாலும் அறை மட்டும்தான் நம்முடையதாக நிற்கிறது. நம் சாவியும் அலமாரியும் அதே கப்பல்களில் வந்து இறங்கியவைதான்.

இந்தியிலும் உருதுவிலும் அன்றாடம் புழங்குகிற அயற்சொற்களைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். இந்தியைக் கட்டாயமாக்குவதைத் தமிழர்கள் எதிர்ப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அந்த எதிர்ப்பு வேறு. அந்த மொழி எப்படி உருவாயிற்று என்று அறிய ஆர்வம் கொள்வது வேறு. மொழிகளை நேசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான்.

பேச ஒரு காரணமும் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் அகோலா மாவட்டத்தில் பாத்தூர் என்று ஒரு சிறு நகராட்சி. அதன் பெயர்ப் பலகையில் மராத்தியோடு உருதுவும் எழுதப்பட்டிருந்ததை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வந்தது. பலகையில் உருது இருக்கலாம் என்று நீதிபதிகள் சுதான்சு துலியாவும் வினோத் சந்திரனும் தீர்ப்பளித்தார்கள். மொழி ஒரு மதத்தின் சொத்து ஆகாது, அது அந்த மண்ணில் வாழும் மக்களுக்குரியது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உருது கலக்காமல் அன்றாட இந்தியைப் பேச முடியாது என்றும், ‘அதாலத்’, ‘ஹலஃப்நாமா’, ‘பேஷி’ என்று நீதிமன்றங்களே உருதுச் சொற்களால் நிறைந்திருக்கின்றன என்றும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அதன் வரலாறு. அது யாருடையது என்பதை, அதைச் சொல்லிச் சொல்லி வாழ்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான சான்றுகளை இந்தியும் உருதும் அள்ளி அள்ளித் தருகின்றன.

முதலில் அந்த இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்வோம். சிந்து நதியைப் பழைய பாரசீகர்கள் ‘ஹிந்து’ என்றார்கள். நம் பக்கத்து ‘ஸ’ அவர்கள் நாவில் ‘ஹ’ ஆகிவிடும். ‘சப்தாஹம்’ அங்கே ‘ஹஃப்தா’, ‘சகஸ்ரம்’ அங்கே ‘ஹசார்’. வாரத்துக்கும் ஆயிரத்துக்கும் இன்றைய இந்திக்காரர்கள் சொல்வது இந்தப் பாரசீக வடிவங்களைத்தான். சிந்துவுக்கு இப்பாலுள்ள நாடு ‘ஹிந்த்’. அந்நாட்டுப் பேச்சு ‘ஹிந்தவி’ அல்லது ‘ஹிந்தி’. ஆக, இந்தி என்ற பெயரே பாரசீகம் சூட்டியது. உருது என்ற பெயரோ துருக்கியம். ‘ஓர்து’ என்றால் படை தங்கும் பாசறை. டெல்லியில் பேரரசரின் பாசறையையும் அரசவையையும் சுற்றிப் புழங்கிய பேச்சுக்கு அந்த இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. மொழியின் பெயராக அது நிலைத்ததும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இந்தச் சொற்கள் வந்த வழிகளைப் பார்க்கலாம். போர்ச்சுக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். பின்னர் வங்கத்தில் ஹூக்ளியில் கடை விரித்தார்கள். டெல்லியையோ லக்னோவையோ அவர்கள் ஒருநாளும் ஆண்டதில்லை. ஆனாலும் துறைமுகங்களில் வணிகம் பேசிய மொழி நெடுங்காலம் ஒருவகைப் போர்ச்சுக்கீசியமாகவே இருந்தது. பின்னால் வந்த ஐரோப்பியர்களும் அதையே பேசிச் சரக்கு வாங்கினார்கள். பொருள் உள்நாட்டுக்குப் போனபோது அதன் பெயரும் கூடவே போனது. ‘பால்டி’ என்ற வாளி, ‘தௌலியா’ என்ற துவாலை, ‘ஃபீதா’ என்ற நாடா, ‘பீப்பா’ என்ற பீப்பாய், ‘கிர்ஜா’ என்ற தேவாலயம், அங்கே ஜபம் சொல்லும் ‘பாத்ரி’, இரும்புக் கடையின் ‘இஸ்பாத்’ என்ற எஃகு எல்லாமே அந்த வரவு. எஃகுக்கான சொல் போர்ச்சுக்கீசியத்தில் வாளைக் குறித்தது. இங்கே வாள் போய் உலோகம் நின்றது. அவர்களுடைய ‘லெய்லாங்’ வடக்கே ‘நீலாம்’ ஆயிற்று, நம்மிடம் ‘ஏலம்’ ஆயிற்று. ஒரே சொல்லை இரண்டு மொழிகள் தத்தம் வாய்க்கு ஏற்பச் செதுக்கிக்கொண்டன.

கட்டட வேலை நடக்கிற இடங்களில் இன்று தமிழ்த் தொழிலாளரும் பீகார்த் தொழிலாளரும் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். இவர் ‘மேஸ்திரி’ என்கிறார், அவர் ‘மிஸ்திரி’ என்கிறார். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே ‘மெஸ்த்ரெ’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லின் பிள்ளைகள்.

அந்தக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்துச் சொற்களையும் ஏற்றி வந்தன. அன்னாசியின் ‘அனனாஸ்’, முந்திரியின் ‘காஜூ’ இரண்டும் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரான துப்பி மக்களின் மொழியில் பிறந்தவை. புகையிலையின் ‘தம்பாக்கூ’வும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அக்பரின் கடைசி ஆண்டுகளில், பீஜப்பூருக்குப் போய்த் திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி புகையிலையையும் அதைப் புகைக்கும் குழாயையும் அரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்ததை அவரே எழுதியிருக்கிறார்.

வந்த பொருள் எல்லாவற்றுக்கும் வந்த பெயரே நிலைத்துவிடவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய்க்கு, மிளகைக் குறித்த பழைய ‘மிர்ச்’ என்ற பெயரையே இந்தி கொடுத்தது. தமிழும் மிளகிலிருந்துதான் மிளகாயைப் பெற்றது. உருளைக்கிழங்கை மேற்குக் கரையின் மராத்தியும் குஜராத்தியும் போர்ச்சுக்கீசியப் பெயரால் ‘படாடா’ என்று அழைக்க, இந்தி தன்னிடம் ஏற்கெனவே இருந்த ‘ஆலூ’வை எடுத்து அதற்குச் சூட்டியது. எதை வாங்குவது, எதைத் தன்னிடமிருந்தே எடுத்துத் தருவது என்று மொழி ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்கிறது. அகராதிக்காரர்கள் பின்னால் வந்து குறித்துக்கொள்கிறார்கள்.

பாரசீகம் வந்த வழி வேறு. 11-ஆம் நூற்றாண்டிலேயே லாகூரில் பாரசீகம் பேசும் அரசவை இருந்தது. 1206-இல் டெல்லி சுல்தானியம் எழுந்தது முதல் ஆட்சி, வரி, நீதி, கல்வி எல்லாம் பாரசீகத்தில் நடந்தன. அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மால், வரிக் கணக்குகள் பாரசீகத்தில் எழுதப்பட வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். அதன் பிறகு காயஸ்தர், கத்ரி முதலிய எழுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் படித்தன. கிராமத்துக் கணக்குப் பிள்ளை வழியாகவும் நீதிமன்றக் குமாஸ்தா வழியாகவும் அந்தச் சொற்கள் எழுதப் படிக்கத் தெரியாத உழவரின் வாய்க்கும் வந்து சேர்ந்தன. அரபிச் சொற்களில் பெரும்பாலானவை நேராக அரேபியாவிலிருந்து வரவில்லை. பாரசீகம் ஏற்கெனவே கடன் வாங்கி வைத்திருந்தவற்றையே இந்தியும் உருதும் எடுத்துக்கொண்டன.

இதில் தமிழுக்கு நேரடியான தொடர்பு இருக்கிறது. ஆற்காட்டு நவாபுகளின் நிர்வாகமும், அதைப் பின்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய்த் துறையும் அதே சொற்களை நம் தாலுகா அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தன. தாசில்தார், ஜில்லா, வசூல், பாக்கி, ரசீது, நகல், அசல், ரத்து, ஜாமீன், வக்கீல், ஆஜர், ஜப்தி, மாமூல். வடக்கே இருக்கும் ஒருவர் இவற்றைக் கேட்டால் பாதிக்கு மேல் புரிந்துகொள்வார். வைத்திருப்பவர் என்று பொருள் தரும் பாரசீகத்தின் ‘தார்’ என்ற விகுதி, இந்தியின் சொந்தச் சொல்லான ‘சமஜ்’ என்பதோடு சேர்ந்து ‘சமஜ்தார்’, அதாவது விவரமானவர், என்று ஆயிற்று. அதே விகுதியைத் தமிழ் எடுத்து, பங்கோடு சேர்த்துப் ‘பங்குதாரர்’ என்றும் அட்டையோடு சேர்த்து ‘அட்டைதாரர்’ என்றும் ஆக்கிக்கொண்டது. சொற்களை மட்டுமல்லாமல், சொல் ஆக்கும் கருவியையே இரு மொழிகளும் வாங்கியிருக்கின்றன.

துருக்கியத்தின் பங்கு அளவில் சிறியது, ஆனால் வீட்டுக்குள்ளே இருக்கிறது. முதல் பானிபட் போரில் 1526-இல் வென்ற பாபரின் தாய்மொழி சகதாய் துருக்கியம். தம் வாழ்க்கை வரலாற்றை அவர் அதில்தான் எழுதினார். கத்தரிக்கோலுக்கு ‘கைஞ்சி’, கத்திக்கு ‘சாகூ’, பீரங்கிக்கு ‘தோப்’, வீரனுக்கு ‘பகதூர்’, பெருமாட்டிக்கு ‘பேகம்’ எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. சமையல்காரரைக் குறிக்கும் ‘பாவர்ச்சி’யில் உள்ள ‘சி’, துருக்கியத்தில் தொழில் செய்பவரைக் காட்டும் விகுதி. தபலா வாசிப்பவர் ‘தபல்சி’, கருவூலம் காப்பவர் ‘கஜாஞ்சி’. துருக்கியில் வறுத்த இறைச்சியைக் குறிக்கும் ‘கவுர்மா’ டெல்லியில் ‘கோர்மா’. நம் ஊர்ப் பரோட்டாக் கடையில் அது ‘குருமா’. கொத்திய இறைச்சியான ‘கீமா’தான் நம்மிடம் ‘கைமா’.

சாப்பாட்டைத் தொட்டுவிட்டதால் இனிப்பையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை தொடர்பான சொற்களைப் போலப் பயணம் செய்தவை வேறு இல்லை. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்துக்குப் போய் ‘ஷகர்’ ஆகி, உருதுவுக்கு அந்த உருவிலேயே திரும்பி வந்தது. வெல்லக் கட்டியைக் குறித்த ‘கண்ட’ என்ற சொல் அங்கே ‘கந்த்’ ஆகி, ரோஜாவின் ‘குல்’லோடு சேர்ந்து ‘குல்கந்த்’ ஆகத் திரும்பியது. நாம் கடையில் வாங்கும் குல்கந்தில் பாரசீக ரோஜாவும் இந்தியச் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றன. நம் கற்கண்டிலும் அதே ‘கண்ட’ தங்கியிருக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்கு இந்தியில் ‘சீனி’, அதாவது சீனத்தது. கற்கண்டுக்கு ‘மிஸ்ரி’, அதாவது எகிப்தினது. எகிப்துக்கு அரபியில் ‘மிஸ்ர்’ என்று பெயர். கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்க உலகுக்கே கற்றுக் கொடுத்த நாடு, அதன் மேலான வகைகளுக்குச் சீனத்தின் பெயரையும் எகிப்தின் பெயரையும் தயங்காமல் வைத்துக்கொண்டது. இதில் எனக்கு ஒரு பெரிய மனசு தெரிகிறது.

சமோசாவும் பாரசீகத்திலிருந்துதான் வந்தது. முகமது பின் துக்ளக்கின் விருந்தில் அதை உண்ட பயணி இபின் பதூதா ‘சம்பூசக்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். ஜிலேபிக்கு மூலம் அரபியின் ‘ஜலாபியா’. பர்ஃபியின் ‘பர்ஃப்’ பாரசீகத்தில் பனிக்கட்டி. குலாப் ஜாமுனில் முதற்பாதி பாரசீகத்துப் பன்னீர், இரண்டாம் பாதி நம் நாட்டு நாவற்பழம். இந்தக் கலப்பைப் பிரித்தெடுக்க யாருக்கும் மனம் வராது; பிரித்தால் பண்டமே இல்லை.

வந்த சொற்கள் அப்படியே இருந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். குடியேறியவர்கள் புது ஊரில் புது வேலை தேடிக்கொள்வதைப் போல, அவற்றில் பல புதுப் பொருள் தேடிக்கொண்டன. அரபியில் ‘கஸ்ம்’ என்றால் எதிராளி, வழக்கில் எதிர்த்தரப்பு. இந்தியில் ‘கசம்’ என்றால் கணவர்! அரபியில் ‘ஜுலூஸ்’ என்றால் உட்கார்ந்திருத்தல். அரசர் அரியணையில் அமர்வதற்கு அந்தச் சொல் பயன்பட்டு, அந்த நாளின் கொண்டாட்டத்துக்கு ஆகி, கடைசியில் ஊர்வலத்துக்குப் பெயராயிற்று. உட்கார்ந்திருந்த சொல் எழுந்து தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டது. தொண்டையை அடைக்கும் துயரமாக இருந்த ‘குஸ்ஸா’ இங்கே கோபம். அந்நியனாக இருந்த ‘கரீப்’ இங்கே ஏழை. உலாவுவதைக் குறித்த ஓர் அரபிச் சொல், பாரசீகத்தில் வேடிக்கை பார்ப்பதாகி, இந்தியில் ‘தமாஷா’ ஆகி, தமிழில் ‘தமாஷ்’ என்று சிரிக்க வைக்கிறது. கெய்ரோவிலிருந்து வருகிற ஒருவர் இந்தச் சொற்களைக் கேட்டால் தம் மொழி என்று அடையாளம் காண்பார். பொருளை மட்டும் டெல்லிக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலச் சொற்களை வடநாட்டு எளிய மக்கள் எழுத்தைப் பார்த்துக் கற்கவில்லை, காதால் கேட்டுக் கற்றார்கள். லாந்தர் ‘லால்டேன்’ ஆனது. ஹாஸ்பிடல் ‘அஸ்பதால்’ ஆனது. பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட், ‘ரங்ரூட்’ ஆனார். காவல் நின்ற சென்ட்ரி ‘சந்தரி’ ஆனார். ஜெனரல் ‘ஜர்னைல்’ ஆகி, பெரும் நெடுஞ்சாலைக்கே ‘ஜர்னைலி சடக்’ என்று பெயர் கொடுத்தார். ரயிலோடு ‘காடி’யும் டிக்கெட்டோடு ‘கர்’ என்ற வீடும் சேர்ந்து ‘ரேல்காடி’யும் ‘டிக்கட்கர்’ரும் வந்தன. பாரசீகத்தின் ‘கரீத்’ ‘கரீத்னா’ என்று இந்தி வினையானதைப் போல, ஃபிலிமும் ‘ஃபில்மானா’ என்று, படமாக்குதல் என்ற பொருளில், வினையாகிவிட்டது. ஒரு சொல் வினையாகிவிட்டால் அது நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இத்தனையும் வந்தும் மொழியின் எலும்புக்கூடு ஆடவில்லை. நான், நீ, அவன். வா, போ, உண், பார். கை, கால், கண், காது. இவற்றுக்கெல்லாம் இந்தியும் உருதும் பிராகிருத வழிச் சொற்களையே இன்றும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால், ‘லேகின்’ என்ற ‘ஆனால்’ அரபி. ‘அகர்’ என்ற ‘என்றால்’ பாரசீகம். ‘ஷாயத்’ என்ற ‘ஒருவேளை’, ‘ஹமேஷா’ என்ற ‘எப்போதும்’ இரண்டும் பாரசீகம். ‘பில்குல்’ என்ற ‘முற்றிலும்’ அரபி. தூய இந்தி வேண்டும் என்று வாதிடுகிறவரும் தம் வாதத்தை ‘லேகின்’ இல்லாமல் நடத்துவது அரிது.

டெல்லியைச் சேர்ந்த சையத் அகமது தெஹ்லவி, தம் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி ‘ஃபர்ஹங்கே ஆசஃபியா’ என்ற உருது அகராதியைத் தொகுத்தார். ஏறத்தாழ 54,000 சொற்கள். அவற்றின் மூலத்தையும் அவர் கணக்கிட்டார். அரபிச் சொற்கள் 7,500-க்குச் சற்று அதிகம். பாரசீகம் 6,000-க்குச் சற்று அதிகம். ஆங்கிலம் 500 அளவில். பத்தில் ஏழு பங்குக்கு மேல் இந்தியச் சொற்கள், அல்லது இந்திய மண்ணிலேயே ஆக்கப்பட்டவை. உருது அந்நிய மொழி என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தியச் சொல் என்று நாம் நம்புவதும் கொஞ்சம் தோண்டினால் வேறு கதை சொல்லும். விலையைக் குறிக்கும் இந்தியின் ‘தாம்’, கிரேக்கரின் ‘திராக்மே’ என்ற நாணயத்திலிருந்து வடமொழியின் ‘த்ரம்ம’ வழியாக வந்தது. அலெக்சாந்தருக்குப் பின் வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசர்களின் காசு கரைந்து போனது. சொல் சந்தையில் தங்கிவிட்டது. ‘சுரங்’ என்பது, நம் ‘சுரங்கம்’ உட்பட, ‘சிரிங்க்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வடமொழி வழியாக வந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. அரபி வழியாக வந்த ‘கலம்’ என்ற பேனாவும் ‘கானூன்’ என்ற சட்டமும்கூடக் கிரேக்கத்தில் தொடங்கியவையே. ‘குர்சி’ என்ற நாற்காலியின் வேர், களிமண் பலகைகளில் எழுதிய அக்காடிய மொழி வரை போகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வந்தவரை உள்ளூர்க்காரர் என்கிறோம். ஐந்நூறு ஆண்டுக்கு முன் வந்தவரை அந்நியர் என்கிறோம். வித்தியாசம் தேதியில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்த மொழி இரண்டாக எப்படிப் பிரிந்தது? 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடநூல்கள் தேவைப்பட்டன. அங்கே மீர் அம்மன் டெல்லி மக்களின் பேச்சு நடையில், பாரசீக எழுத்தில் ‘பாகோ பகார்’ எழுதினார். லல்லூ லால் பாரசீக, அரபிச் சொற்களை விலக்கி நாகரி எழுத்தில் ‘பிரேம்சாகர்’ எழுதினார். ஒரே பேச்சுக்கு இரண்டு எழுத்து, இரண்டு நடை. 1837-இல் பாரசீகம் நீதிமன்றங்களிலிருந்து நீங்கியதும் அந்த இடத்துக்கு உருது வந்தது. நாகரிக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1900 ஏப்ரலில் வடமேற்கு மாகாணத்தின் நீதிமன்றங்களில் அதற்கும் அனுமதி கிடைத்தது. வேலைவாய்ப்பும் மதமும் எழுத்தும் ஒன்றாகப் பின்னிக்கொண்ட பிறகு, சொற்களும் அணி பிரிக்கப்பட்டன. பிரிவினைக்குப் பின் இந்திய அரசின் இந்தி வடமொழியை நோக்கி நகர, பாகிஸ்தானின் உருது பாரசீகத்தையும் அரபியையும் நோக்கி நகர்ந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 351-ஆவது பிரிவு இந்தியின் சொல்வளத்துக்கு முதன்மையாக வடமொழியை நாடச் சொல்கிறது. அதே பிரிவு இந்துஸ்தானியின் வடிவங்களையும் பாணியையும் உள்வாங்கச் சொல்கிறது. முதற்பாதி அலுவலகங்களில் நடக்கிறது. இரண்டாம் பாதியை மக்கள் நடத்துகிறார்கள். அரசுக் கடிதம் ‘பிரதீக்ஷா’ என்று எழுதலாம்; பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் ‘இந்தஜார்’தான் செய்கிறார். திரைப் பாடல்களிலிருந்து ‘தில்’லையும் ‘ஜிந்தகி’யையும் ‘தோஸ்த்’தையும் எடுத்துவிட்டால் பாட ஒன்றும் மிஞ்சாது.

கலப்பில்லாமல் எழுதுவது ஒரு கலையாக இருக்கலாம். லக்னோவில் வாழ்ந்த உருதுக் கவிஞர் இன்ஷா அல்லா கான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிமொழிச் சொல் எதுவும் கலக்காமல் ‘ராணி கேத்கி கீ கஹானி’ என்ற கதையை எழுதிக் காட்டினார். வடமொழியின் கனத்த சொற்களையும் அதில் சேர்க்கவில்லை. அது மொழியின் மேலுள்ள காதலால் ஒரு கவிஞர் தமக்கே வைத்துக்கொண்ட போட்டி. யாரையும் வெளியேற்ற அதை அவர் செய்யவில்லை. எழுத்தாளர் பிரேம்சந்தோ இரு கரைகளையும் தொட்டவர். முதலில் உருதுவில் எழுதினார், பின்னர் இந்தியில் எழுதினார். இரண்டு மொழியினரும் அவரைத் தம் முன்னோடி என்று சொல்வதில் சற்றும் பிழையில்லை.

இங்கே உங்களில் பலருக்கு ஒரு கேள்வி எழும். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தை என்ன சொல்வது? நான் அதை மிகுந்த நன்றியோடு பார்க்கிறேன். வழக்கொழிந்து கிடந்த நல்ல தமிழ்ச் சொற்களை அது மீட்டது. பேருந்து, மிதிவண்டி என்று இயல்பாகப் புழங்கும் புதுச்சொற்கள் பிறப்பதற்கான தன்னம்பிக்கையை அது தமிழருக்குத் தந்தது. சொந்த மொழியின் ஆக்கும் ஆற்றலை வளர்ப்பது ஒவ்வொரு தலைமுறையின் கடமை. பக்கத்து வீட்டுக்காரரின் வாயிலிருந்து வருவதாலேயே ஒரு சொல்லை விரட்டுவது முற்றிலும் வேறு வேலை. இந்தி-உருது வரலாற்றில் வருத்தம் தருவது இந்த இரண்டாவதுதான். அங்கே சொற்களைப் பிரித்த கோடு மனிதர்களையும் பிரித்தது.

நம் மாநிலத்திலேயே உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் கேட்கிற தக்கனி உருது, டெல்லி உருதுவுக்கு அக்கா முறை. டெல்லியில் உருதுக் கவிதை தழைக்கும் முன்பே, கோல்கொண்டாவில் முகமது குலி குதுப் ஷா போன்றோர் தக்கனியில் பாடிவிட்டார்கள். ‘வேண்டாம்’ என்பதற்கு அது சொல்லும் ‘நக்கோ’ மராத்தியிலிருந்து பெற்றது. வந்த இடத்து மக்களோடு பழகாமல் எந்த மொழியும் வாழ்ந்ததில்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஜான் பிளாட்ஸ் 1884-இல் வெளியிட்ட உருது, இந்தி அகராதியும் நம் தமிழ்ப் பேரகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் நூலகத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஓய்வான ஒரு மாலையில் உங்கள் வீட்டில் புழங்கும் பத்துச் சொற்களை அவற்றில் தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு துவாலையில் லிஸ்பனும், ஒரு தாசில்தாரில் அரேபியாவும் பாரசீகமும் இருப்பதைக் கண்டால் வரலாற்றுப் பாடம் அவர்களுக்குக் கசக்காது. கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். உருதுவும் தமிழும் கலந்து பேசும் வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்றால், உங்கள் பாட்டி சொல்லும், அகராதியில் இல்லாத சொற்களை அவசியம் எழுதுங்கள். அவற்றை வெளியிட இந்த இதழில் தனியாகப் பக்கம் ஒதுக்குவோம்.

மொழியை எடை போட்டு, இது நம்முடையது, இது அவர்களுடையது என்று பிரித்து வைக்கும் வேலைக்கு இன்று ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சொல்லின் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வதில் கிடைக்கும் மகிழ்ச்சியை அவர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம். தெரிந்துகொள்வோம், வியப்போம், அதன் பிறகும் அந்தச் சொல்லை முன்போலவே உரிமையோடு பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்